கொடைக்கானல் பக்கம் இன்வெர்ட்டருக்கு பேட்டரி கூட்டப் போகிறீர்களா? மொத்த வோல்ட்டை மட்டும் காட்டினால் பணம் கொடுக்காதீர்கள்

2018 கஜா புயலில் மரம் விழுந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததிலிருந்து, மலையில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் பேட்டரிக்குச் செலவு செய்யத் தயங்குவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே சிலர் வேலை காட்டுகிறார்கள். வில்பட்டி பக்கம் எங்கள் மாமாவின் ஹோம்ஸ்டேயில் ஒரு கடைக்காரர் செய்துவிட்டுப் போன வேலையைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். வேலையின் லட்சணத்தைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

இருந்தது 24 வோல்ட், 2 கேவிஏ இன்வெர்ட்டர், சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து) இரண்டு 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றும் வகை). வாங்கி மூன்று வருஷம் ஆகிவிட்டது. "இன்னும் ரெண்டு போட்டா டபுள் பேக்கப்ணே" என்று சொல்லி, புதிதாக இரண்டைச் சேர்த்து, இரண்டிரண்டாக இரு வரிசையாக்கி, அந்த வரிசைகளை பேரலல் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ்) ஆக்கினார்கள். முடித்ததும் மீட்டரை வைத்து "25.2 வோல்ட் காட்டுது, ஃபுல்" என்று பில்லை நீட்டினார்கள். 600 வாட் லோடுக்கு ஐந்தாறு மணி நேரமாவது தாங்க வேண்டியது, இரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை. கேட்டால், "மலைல குளிருக்கு பேட்டரி அப்படித்தான்ணே."

குளிரில் பேட்டரியின் திறன் குறைவது உண்மைதான். நம் ஊர் பேட்டரிகளின் திறன் 27 டிகிரியில் கணக்கிடப்படுகிறது. அதற்குக் கீழே போகப் போக டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். டிசம்பர் ராத்திரியில் 7 டிகிரி என்றால் இருபது சதவீதம் போகலாம். அறுபது, எழுபது சதவீதம் போகாது. அந்தப் பதிலைக் கேட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம்.

முதல் கோளாறு, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பழையதையும் ஒரு புதியதையும் சீரிஸில் கோத்திருந்தார்கள். சீரிஸில் இரண்டிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். பழையது தாங்குகிறதா என்று அது பார்க்காது. லோடு கொடுத்துத் தனித்தனியாக அளந்தபோது, மொத்தம் 21.2 வோல்ட்டில் இன்வெர்ட்டர் பீப் அடித்து நின்றது. அப்போது புதியதில் 11.9, பழையதில் 9.3. புதியதில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே பழையது காலியாகி, மொத்தத்தையும் கீழே இழுத்துவிட்டது. சார்ஜ் ஏறும்போது தலைகீழ்: மொத்தம் 28.6 சரியாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே தட்டுகளில் சல்ஃபேட் உப்பு படிந்த பழையதில் 15.2, புதியதில் 13.4. பழையது கொதித்துத் தண்ணீரைக் குடிக்கிறது, புதியது அரைவயிற்றோடு நிற்கிறது. இப்படியே சில மாதம் போனால் புதியதிலும் சல்ஃபேட் ஏறிவிடும். இரண்டு முனையில் மட்டும் மீட்டர் வைத்தால் இதில் எதுவுமே தெரியாது. அதனால்தான் அங்கே மட்டும் வைத்துக் காட்டுகிறார்கள்.

அந்தப் 'புதிய' இரண்டில் ஒன்று புதியதே இல்லை. ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. ஆனால் மூடியில் தேதிக் குறியீடு அச்சாகியிருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. ஈய டெர்மினலில் ஏற்கெனவே ஸ்பேனர் கடித்த தடம். வாரண்டி கார்டில் இருந்த வரிசை எண்ணும் பேட்டரி உடம்பில் இருந்ததும் வேறு வேறு. பேட்டரி வண்டியிலிருந்து இறங்கும்போதே இந்த மூன்றையும் பார்த்து, போட்டோ எடுத்துவிடுங்கள். ஆசிட் நிரப்பிய எடை எவ்வளவு என்று கம்பெனி பிரசுரத்தில் இருக்கும். பூண்டு, கேரட் போடும் தராசு பக்கத்தில் இருந்தால் தூக்கி வைத்துப் பார்ப்பதில் தப்பே இல்லை.

அடுத்தது பேரலல் இணைப்பு. இன்வெர்ட்டருக்குப் போகும் பிளஸ், மைனஸ் இரண்டு கேபிளும் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருந்த முன் வரிசையிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. பின்னால் இருந்த வரிசைக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தொங்கல். ஒயரைக் கவ்வி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 76 ஆம்பியர் லோடில் முன் வரிசை 47, பின் வரிசை 29. மெல்லிய ஒயரின் தடை சில மில்லி ஓம்தான். ஆனால் பேட்டரியின் உள்தடையும் சில மில்லி ஓம்தான் என்பதால் பங்கு இப்படிக் கோணுகிறது. முன் வரிசை சீக்கிரம் சாகும், பின்னால் இருப்பது எப்போதும் முழுதாக சார்ஜ் ஆகாது. சரியான முறை: பிளஸ்ஸை முதல் வரிசையிலிருந்தும் மைனஸ்ஸைக் கடைசி வரிசையிலிருந்தும் எடுப்பது. இன்னும் நல்லது, பிளஸ்ஸுக்கு ஒரு செம்பு பஸ்பார் (கேபிள்களைச் சேர்க்கும் பட்டை), மைனஸ்ஸுக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரே நீளம், ஒரே தடிமன் கேபிள். இந்த அளவு இன்வெர்ட்டருக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்புக்குக் கீழே போகாதீர்கள்.

ஃபியூஸ் இருந்த இடத்தைப் பார்த்தபோதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. வீட்டு போர்டில் போடும் 240 வோல்ட் ஏசி எம்சிபி (கரண்ட் கூடினால் தானே டிரிப் ஆகும் சுவிட்ச்), 63 ஆம்பியர். ஏசியில் கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் கான்டாக்ட் பிரியும்போது பொறி தானே அணையும். டிசியில் அந்தப் பூஜ்யம் கிடையாது. பொறி எரிந்துகொண்டே இருக்கும், எம்சிபி உருகும். அதோடு லோடு 63-ஐத் தாண்டி அடிக்கடி டிரிப் ஆகியிருக்கிறது போல. அதற்கு அவர்கள் கண்ட வழி, எம்சிபியின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் ஒரு துண்டு ஒயரைக் கொடுத்து பைபாஸ். அதாவது பாதுகாப்பே இல்லை. ஷார்ட் ஆனால் இந்த பேட்டரிகள் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளும். மரத்தளம் போட்ட வீட்டில் அது என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இங்கே வேண்டியது, ஒவ்வொரு வரிசையின் பிளஸ் டெர்மினலுக்கும் மிக அருகில், டிசிக்கு என்று வோல்ட் குறிக்கப்பட்ட 100 ஆம்பியர் ஹெச்ஆர்சி ஃபியூஸ் (பெரிய ஷார்ட் கரண்ட்டையும் வெடிக்காமல் துண்டிக்கும் வகை). இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒன்று போதாது. ஒரு பேட்டரியில் செல் ஷார்ட் ஆனால் அடுத்த வரிசைதான் அதற்குள் கரண்டைக் கொட்டும். இன்னொன்று: எம்சிபி, ஃபியூஸ் மாதிரியான சாதாரண சுவிட்ச் கியரின் ரேட்டிங் பொதுவாக 2000 மீட்டர் உயரம் வரைதான். கொடைக்கானல் அதற்கு மேலே இருக்கிறது. விளிம்பு ரேட்டிங்கில் எதையும் வாங்க வேண்டாம்.

லக்குகள் (கேபிள் நுனியில் மாட்டும் உலோகக் காதுகள்) கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்யப்படாமல் சுத்தியலால் தட்டப்பட்டிருந்தன. ஒரு டெர்மினலில் லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவில் இரும்பு வாஷர். லோடில் அந்த ஜாயின்ட்டின் குறுக்கே மில்லிவோல்ட்டில் அளந்தால் 410. அது 47 ஆம்பியரில் ஏறக்குறைய 19 வாட் சூடு, ஒரே போல்ட்டில். நல்ல ஜாயின்ட்டில் சில மில்லிவோல்ட்தான் வரும். லக் நேராக ஈயத்தில் உட்கார வேண்டும். அதற்கு மேல் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். முறுக்கிய பிறகு வாசலைன்.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரிலும் ஒரு தந்திரம் உண்டு. 1.240 காட்டினார்கள், டியூபுலருக்கு அது ஃபுல்தான், ஆனால் 27 டிகிரியில். டிகிரிக்கு 0.0007 திருத்தம், 7 டிகிரியில் 1.240 என்றால் உண்மையில் 1.226. ஃபுல் இல்லை. குளிரில் சார்ஜ் வோல்ட்டும் கூட வேண்டும்: 12 வோல்ட் பேட்டரிக்கு இருபது டிகிரி இறக்கத்துக்கு அரை வோல்ட் போல. இங்கே இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்ச் டியூபுலரில் இல்லாமல் எஸ்எம்எஃப்பில் (மூடிய பேட்டரிக்கான, குறைந்த வோல்ட்டில் ஏற்றும் நிலை) கிடந்தது.

"டபுள் பேக்கப்" சொன்னவர்கள் சார்ஜரைப் பற்றி வாயே திறக்கவில்லை. சார்ஜர் கொடுப்பது 15 ஆம்பியர். 300 ஆம்பியர்-அவரில் பாதி காலியானால், இழப்பையும் சேர்த்து 180 திருப்பி ஏற்ற வேண்டும். பன்னிரண்டு மணி நேரம். மழைக்காலத்தில் அவ்வளவு நேரம் தொடர்ந்து கரண்ட் வராத நாட்களில் பேட்டரி நிரம்பவே நிரம்பாது. பேட்டரியைக் கூட்டினால் சார்ஜரும் கூட வேண்டும்.

வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். பழையதையும் புதியதையும் கலக்க விடாதீர்கள். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாதத் தயாரிப்பாக இருக்கட்டும். நான்கையும் தனித்தனியாக முழு சார்ஜ் செய்து, சில மணி நேரம் விட்டு அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். மோதிரம், செயினைக் கழற்றச் சொல்லுங்கள், ஸ்பேனர் கைப்பிடியில் டேப் சுற்றச் சொல்லுங்கள். இரண்டு வரிசையின் மைனஸ்ஸையும் சேர்த்த பிறகு, பிளஸ்ஸைச் சேர்க்கும் முன் அந்த இரண்டு பிளஸ்ஸுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் மூடலாம். 50 பக்கம் காட்டினால் ஒரு வரிசை தலைகீழ். 12 காட்டினால் ஒரு வரிசையில் ஒரு பேட்டரி இணைப்பிலேயே வரவில்லை. முடிந்ததும் ஹீட்டரோ கெட்டிலோ போட்டு லோடு ஏற்றி, அரை மணி கழித்து நான்கையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் பாக்கிப் பணம். மாடிப்படிக்கு அடியில் கேஸ் சிலிண்டரோடு பேட்டரியை வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சார்ஜில் ஹைட்ரஜன் வரும், மேலே போக வழி வேண்டும்.

ஏமாந்தவர்களுக்கு: ஜிஎஸ்டி பில்லில் நான்கு வரிசை எண்ணும் இருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் முடியவில்லை என்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. விஷயம் தெரிந்ததும் கடைக்காரரே வந்து "செக் பண்ணிட்டுத் தர்றோம்ணே" என்று பேட்டரியைத் தூக்கப் பார்ப்பார். வரிசை எண், தேதி, தனித்தனி வோல்ட் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்காமல் அந்தப் பேட்டரியை வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.