டியூ கட்ட முடியாதபோது நீட்டப்படும் புது லோன்: குழுக் கடன் எடுத்த பெண்கள் கவனிக்க

குழுப் பெண்கள் கூடித் தவணை (டியூ) கட்டும் சென்டர் மீட்டிங் முடிந்ததும் ஃபீல்டு ஆபீசர் தனியாகக் கூப்பிட்டு, "டியூவுக்குக் கவலைப்படாதீங்கக்கா, 40,000 சேங்ஷன் ஆயிருக்கு, ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்றால், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். பழைய பாக்கி 18,000 என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது கழியும். புராசஸிங் கட்டணம், இன்சூரன்ஸ் என்று 1,200 போகும். கைக்கு வருவது 20,800. தலையில் நிற்பது 40,000. பழைய டியூவுக்கே திணறியவர் இதை எப்படிக் கட்டுவார்?

ஆபீசர் ஒருவரை மட்டும் திட்டிப் பயனில்லை. டியூ 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். புதுக் கடனால் பழையதை மூடிவிட்டால் கிளைக் கணக்கு சுத்தமாகத் தெரியும், இன்சென்டிவும் வரும். இந்த மூடிமறைப்பைக் கண்டுபிடிக்க வேண்டியது நிறுவனத்தின் சொந்தத் தணிக்கைப் பிரிவு, அதாவது உள்தணிக்கை. ஆனால் தணிக்கையாளர் இயக்குநர் குழுவிடம் நேரே அறிக்கை தராமல், வசூல் இலக்கு வைக்கும் அதே அதிகாரிக்குக் கீழே இருந்தால், உறுப்பினர் வீட்டுக்குப் போய், கட்டிய தவணைகளை எழுதும் லோன் கார்டைப் புரட்டவே மாட்டார். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி நான்கு நிதி நிறுவனங்களைப் புதுக் கடன் கொடுக்க விடாமல் நிறுத்தியது. அதிக வட்டியோடு, இப்படிக் கடன்மேல் கடன் போட்டு மறைத்ததும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. நிர்வாகம் கண்ணை மூடினால் முதலில் நோவது கடன் வாங்கியவர். பிறகு நிறுவனமே படுக்கும்.

அடுத்த ஏமாற்று, கார்டில். கட்டிய அன்றே தேதி, தொகை, கையெழுத்து மூன்றும் விழ வேண்டும். "கார்டு ஆபீஸ்ல இருக்கு, அடுத்த வாரம் போட்டுத் தரேன்" என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆபீசரின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்யவே கூடாது. அந்தப் பணம் கணக்கில் ஏறாமல் போனால், ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்து வைக்கும் கிரெடிட் பீரோவில் கடனாளியாக நிற்பது நீங்கள்தான். பீரோ அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம்.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அபராதம் தவறிய தொகைக்கு மட்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதமே கிடையாது. காலை 9-க்கு முன், மாலை 6-க்குப் பின் வசூலுக்கு வரக் கூடாது.

புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து நகல் வையுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணமில்லை, விவரத்துக்கு 14448. லோன் கார்டின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து இணையுங்கள்.