மூன்றாவது வேகம்: ஆகாஷ் தீப்பா, பிரசித் கிருஷ்ணாவா?

இந்திய டெஸ்ட் அணியில் பும்ரா, சிராஜுக்குத் துணையாக மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர் யார்?

ஆகாஷ் தீப் ஸ்டம்பைக் குறிவைத்து ஃபுல்லாக (பேட்ஸ்மேனுக்கு அருகில் குத்தும்படி) வீசுபவர். சீமில் (பந்தின் தையலில்) பட்டு உள்ளே வரும் பந்துதான் ஆயுதம். 2025 இங்கிலாந்து தொடரில், எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் 10 விக்கெட். அதே தொடரில் ஓவலில் இரவுக் காவலராக (நாள் முடியும் நேரத்தில் முன்னணி பேட்ஸ்மேனுக்குப் பதில்) இறங்கி 66 ரன் அடித்தது கூடுதல் லாபம்! பந்து பழசாகி சீம் தேய்ந்தால் மிரட்டல் குறைகிறது.

பிரசித் உயரக்காரர். குட் லெங்த்தில் (பேட்ஸ்மேன் முன்னே வருவதா, பின்னே போவதா என்று தயங்கும் இடத்தில்) குத்தினாலும் பந்து எகிறும். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆடுகளங்களுக்குத் தோதானவர். ஆனால் லெங்த் ஷார்ட்டானால் கட், புல் என்று ரன் கசியும்: அதே இங்கிலாந்து தொடரில் லீட்ஸில் ஓவருக்கு 6 ரன்னுக்கு மேல் போனது. ஓவலில் லெங்த்தைச் சரிசெய்ததும் இரு இன்னிங்ஸிலும் தலா 4 விக்கெட்.

இருவருக்குமே முதுகுக் காயம் வந்திருப்பதால், தொடர்ச்சியாக ஐந்து டெஸ்டுக்கு ஒருவரையே நம்ப முடியாது. இந்திய மண்ணில் ஆகாஷ், பந்து எகிறும் களங்களில் பிரசித்.