ஸ்விஃப்டுக்கு மட்ஃபிளாப் நானே மாட்டினேன், ஒரு மழை சீசன் ஓட்டிட்டு எழுதுறேன்

எங்க ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம். டெல்டாவுல கார் வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்லப்போறது உடனே புரியும். ஐப்பசி கார்த்திகையில இங்க ரோடு ரோடாவே இருக்காது, வயல்ல உழுதுட்டு வர்ற டிராக்டர் கேஜ் வீலோட (சேத்துல ஓட்ட மாட்டுற இரும்புக் கூண்டு சக்கரம்) ரோட்டு மேல ஏறி, ஒரு பர்லாங் தூரத்துக்கு களிமண்ண கொட்டிக்கிட்டே போகும், அதுமேல ஒரு மழை பேஞ்சா வழுக்கல், வெயில் அடிச்சா சிமெண்ட். அறுப்பு மெஷின் வர்ற நாள்ல கேக்கவே வேணாம்.

என்னோடது 2019 மாருதி ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. வாங்கும்போது மட்ஃபிளாப் (சேறு தெறிக்காம இருக்க டயருக்குப் பின்னாடி தொங்குற தட்டு) இல்ல, எக்ஸ்ட்ரா காசுன்னாங்க, அதெல்லாம் லாரிக்குத்தானேன்னு விட்டுட்டேன். ஓட்ட ஆரம்பிச்சப்புறம் தான் தெரிஞ்சுது. முன் டயர் அள்ளி எறியற சேறு நேரா கதவுக்கு கீழ் படியில போயி அப்புது. குறிப்பா இடது பக்கம். ஏன்னா எதிர்க்க பஸ் வந்தா நாம இடது டயர மண்ணுல இறக்கித்தான் ஒதுங்கணும். வீட்டுக்கு வந்து அம்மா இறங்குனா சேலை கொசுவம் அந்தப் படியில உரசி ஒரு முழத்துக்கு சேறு. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் காலை அகட்டி தாண்டித்தான் இறங்குவாங்க, முட்டிவலியோட.

ஆனா என்னை மாட்ட வச்சது அது இல்ல. போன வருசம் மழையில ஒருநாள் சாயங்காலம் மன்னார்குடியிலேருந்து வரும்போது கண்ணாடியில பாத்தா, பின்னாடி டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட்ல ஒரு பெரியவர், முன்னாடி ஒரு உரமூட்டை, ஒரு கையால முகத்த துடைச்சிக்கிட்டே வர்றாரு. என் பின் டயர் அடிச்ச சேறு அப்படியே அவர் மூஞ்சில. வண்டிய ஓரங்கட்டி இறங்கி மன்னிப்பு கேட்டேன். அவர் திட்டக்கூட இல்ல, "பரவால்ல தம்பி, பின்னாடி ஒரு ரப்பரு கட்டிக்க, கண்ணுல விழுந்தா நாங்க எங்க போவோம்" அப்டினாரு. அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல. நம்ம பெயிண்ட் போனா போகட்டும், டூவீலர்காரர் கண்ணுல கல்லு விழுந்தா என்ன ஆகும்.

மறுநாளே ஒரு கடைக்குப் போயி யுனிவர்சல் மட்ஃபிளாப் மாட்டினேன். இது நான் பண்ண தப்பு, நீங்க பண்ணாதீங்க. யுனிவர்சல்னா எல்லா வண்டிக்கும்னு சொல்லி விக்கிற தட்டையான ரப்பர் ஷீட், வளைவே கிடையாது. டயரச் சுத்தி பாடியில இருக்கிற வீல் ஆர்ச் வளைஞ்சிருக்கும், ஷீட் நேரா இருக்கும், எப்படி ஒட்டும்? அதுனால அந்த கடைப் பையன் என்ன பண்ணான்னா டிரில்ல எடுத்து ஃபெண்டர் ஓர தகட்டுலயே சக்கரத்துக்கு ரெண்டு ஓட்டை போட்டு ஸ்க்ரூ முறுக்கிட்டான். "தம்பி தகட்டுல ஓட்டை போடலாமா"ன்னு கேட்டேன், "ஒண்ணும் ஆகாது சார், எல்லா வண்டிக்கும் இப்படித்தான்" அப்டின்னான். மூணே மாசத்துல ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல இடது முன்பக்கம் பிச்சிக்கிட்டு போச்சு. பிஞ்ச எடத்துல பாத்தா ஓட்டைய சுத்தி பெயிண்ட் பொருக்கு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது, நகத்தால தட்டினா செங்கல்பொடி மாதிரி துரு கொட்டுது. ஓட்டை போட்டா உள்ள இருக்கிற தகடு வெறும் தகடு, பெயிண்டும் இல்ல பிரைமரும் இல்ல, அதுமேல ஈரக்களி நாள்கணக்கா ஒட்டிக்கிட்டு இருந்தா துரு பிடிக்காம என்ன பண்ணும். எங்க ஊரு கடல் காத்து வேற. உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, ரெட் ஆக்சைடு பிரைமர் ரெண்டு கோட் அடிச்சு, டச்சப் பெயிண்ட் வச்சு மூடினேன். சக்கரத்துக்கு ரெண்டுன்னு எட்டு ஓட்டை, ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு.

அப்புறம் தான் வண்டி மாடலுக்குன்னே அச்சுல வார்த்த செட் வாங்கினேன். நாலு பீஸ், ஸ்க்ரூ கிளிப்போட எனக்கு 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. கம்பெனி ஷோரூம் அக்சஸரி கவுண்டர்லயும் கிடைக்கும், வெளியில கார் டெக்கர் கடையிலயும் கிடைக்கும், ஆன்லைன்லயும் கிடைக்கும். எங்க வாங்கினாலும் உங்க மாடல், எந்த வருசத்து வண்டி, ரெண்டையும் சொல்லி வாங்குங்க, ஏன்னா ஸ்விஃப்ட்டுன்னு சொன்னா பழைய ஷேப்பும் ஸ்விஃப்ட் தான், 2018ல வந்ததும் ஸ்விஃப்ட் தான், அதுக்கப்புறம் 2024ல வந்ததும் ஸ்விஃப்ட் தான், ஒண்ணோட வளைவு இன்னொண்ணுக்கு சேராது.

பார்சல பிரிச்சா ரெண்டு பீஸ் வளைஞ்சிருந்துச்சு, பெட்டியில மடிச்சு திணிச்சதுனால. பயந்துடாதீங்க, சூடுபட்டா பிளாஸ்டிக் இளகும், மொட்டை மாடியில வெயில்ல தட்டையா போட்டு ஒருமணி நேரம் விட்டேன், தானா நேராயிடுச்சு. பின்பக்கம் திருப்பிப் பாத்தா எந்த பீஸ் முன்னாடி, எந்த பீஸ் பின்னாடி, இடதா வலதான்னு எழுத்து அச்சாகி இருக்கும், அத மொதல்ல பாத்து நாலையும் அந்தந்த சக்கரத்துக்கு பக்கத்துல வச்சிடுங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இத பாதிப்பேர் பண்றதில்ல. வீல் ஆர்ச்ச நல்லா கழுவணும். நான் மோட்டார் பைப்ப புடிச்சு அடிச்சேன், ஆர்ச்சுக்கு உள்ள இருக்கிற பிளாஸ்டிக் தடுப்பு, அதான் ஃபெண்டர் லைனர், அது ஓரத்துலேருந்து காஞ்ச களி கட்டி கட்டியா விழுந்துச்சு, உள்ள ஒரு நெல்லு முளைச்சு பச்சையா நின்னுச்சுன்னா பாத்துக்கோங்க. மண்ணோட வச்சு ஃபிளாப்ப இறுக்கினா அது பாடியில சரியா உக்காராது, இடையில இருக்கிற மண்ணு வண்டி ஆடும்போதெல்லாம் உப்புத்தாள் மாதிரி பெயிண்ட தேய்ச்சிக்கிட்டே இருக்கும். கழுவி, துணியால தொடச்சு, காயவிட்டு அப்புறம் ஆரம்பிங்க.

முன்பக்கம் ரொம்ப ஈஸி. ஃபிளாப் சக்கரத்துக்குப் பின்னாடி வரும், ஸ்க்ரூ தலை டயர பாத்து இருக்கும், அதுனால கை போற அளவுக்கு எடம் வேணும். இடது பக்கம் மாட்டும்போது ஸ்டியரிங்க முழுசா இடதுபக்கம் ஒடிச்சிடுங்க, டயரோட பின்பாகம் உள்ள போயிடும், நமக்கு எடம் தாராளமா கிடைக்கும். வலதுக்கு வலது. இதுக்கு ஜாக்கி வேணாம், வீல கழட்ட வேணாம். லைனர்ல ஏற்கனவே இருக்கிற ஸ்க்ரூவ கழட்டி, ஃபிளாப்ப அதுமேல வச்சு, அதே ஓட்டையில திரும்ப முறுக்குறதுதான் வேலை. தகட்டுல புதுசா ஒரு ஓட்டைகூட போடல. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். ஒண்ணே ஒண்ணு, மொத ஸ்க்ரூவையே முழுசா இறுக்கிடாதீங்க. எல்லா ஸ்க்ரூவையும் கையால பாதி ஏத்திக்கிட்டு, ஃபிளாப் ஆர்ச் வளைவோட சரியா சேருதான்னு ரெண்டடி தள்ளி நின்னு பாத்துட்டு அப்புறம் இறுக்குங்க. பிளாஸ்டிக்ல மரை போற ஸ்க்ரூ, பலம் காட்டுனா மரை செத்துடும், ஸ்க்ரூ டிரைவர் திரும்ப அடம் பிடிக்கும்போதே நிறுத்திடணும்.

பின்பக்கம் தான் சோதனை. பின் சக்கரம் திரும்பாது, டயருக்கும் ஃபிளாப்புக்கும் நடுவுல என் உள்ளங்கை மட்டும் போகுது, நீளமான ஸ்க்ரூ டிரைவர் நேரா நிக்க எடமே இல்ல. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, குட்டை ஸ்க்ரூ டிரைவர்னு கைப்பிடியோட சேத்து விரல் நீளத்துக்கு ஒண்ணு ஹார்டுவேர் கடையில விக்கும், அத வாங்கிக்கலாம். இன்னொண்ணு வீல கழட்டுறது. நான் வலதுபக்கத்த குட்டை டிரைவர்ல முடிக்கப் பாத்தேன், கால்மணி நேரம் ஆச்சு, ஒவ்வொரு திருப்புக்கும் விரல் முட்டி டயர்ல உரசி தோலு போச்சு. இடதுக்கு பேசாம வீல கழட்டிட்டேன், அஞ்சு நிமிசத்துல ஃபிளாப் ஏறிடுச்சு.

வீல் கழட்டுறவங்க தயவுசெஞ்சு இத கவனிங்க. ஹேண்ட் பிரேக் போட்டுட்டேனேன்னு தைரியமா பின் சக்கரத்த தூக்கிடாதீங்க, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதே பின் சக்கரத்த தான், அதுல ஒண்ணு அந்தரத்துல நிக்கும்போது மிச்சம் ஒண்ணு தான் வண்டிய பிடிக்கும். அதுனால முதல் கியர்ல போட்டுட்டு முன் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் செங்கல் முட்டு குடுங்க. வண்டி தரையில நிக்கும்போதே வீல் நட்டுகள கொஞ்சம் தளர்த்திக்கிட்டு அப்புறம் ஜாக்கி ஏத்துங்க. சமதரையில பண்ணுங்க, நனைஞ்ச மண்ணுல ஜாக்கி புதைஞ்சிடும், நான் ஜாக்கிக்கு அடியில ஒரு பலகை போட்டேன். கழட்டின வீல வண்டிக்கு அடியில படுக்கப் போட்டுடுங்க, ஜாக்கி நழுவினாலும் வண்டி அதுமேல உக்காரும், நம்ம கை தப்பிக்கும். திரும்ப மாட்டும்போது நட்ட குறுக்கு குறுக்கா இறுக்கணும், ஒரு அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து மறுபடி ஸ்பானர் போட்டு பாத்துடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு, டயர் ஃபிளாப்ல படுதான்னு குனிஞ்சு பாத்தேன். என் வண்டியில ஒரு விரல் தாராளமா போற அளவுக்கு இடைவெளி இருக்கு. ஆளில்லாம பாத்தா பத்தாது, வீட்ல இருக்கிற நாலு பேரையும் ஏத்தி உக்கார வச்சு ஒருதடவ பாத்துக்கணும், பாரம் ஏறினா வண்டி தாழும்ல. கழுவுன நேரத்த விட்டுட்டா மொத்தம் ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. இதுக்கு கடையில 300 ரூபா கூலி கேட்டாங்க, காசு கூட பெருசில்ல, டிரில்ல எடுத்துடுவாங்களோன்னு தான் எனக்கு பயம்.

இப்ப ஒரு மழை சீசன் முழுசா ஓட்டியாச்சு. கதவுக்கு கீழ் படி சுத்தமா இருக்குன்னு சொல்லமாட்டேன், ஆனா முன்ன அப்பின சேறு இப்ப தெளிப்பா மாறிடுச்சு, ஒரு ஈரத்துணி போதும். அம்மா நேரா காலை வச்சு இறங்குறாங்க. அத பாக்கும்போது அந்த 500 ரூபா எனக்கு ஐயாயிரத்துக்கு சமம். பின்பக்கம் பம்பருக்கு கீழ கல்லு அடிபடுற டக்கு டக்கு சத்தம் நல்லா கொறஞ்சிருக்கு. மச்சானை அவன் பைக்ல பின்னாடியே வரச்சொல்லி சேத்து ரோட்டுல ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தேன், முன்ன நெஞ்சு உசரத்துக்கு வந்தது இப்ப அவன் முன் சக்கரத்துக்கு கீழயே விழுந்துடுச்சு. அதுக்காக பின்னாடி வர்றவர் மேல ஒண்ணுமே படாதுன்னு இல்ல, 60க்கு மேல போனா தண்ணி புகை மாதிரி கிளம்புறது அப்படியே தான் இருக்கு, சேத்துல மெதுவா தான் போகணும்.

குறைன்னு பாத்தா மூணு சொல்லணும். பின் கண்ணாடி அழுக்காகுறது நிக்கல, ஹேட்ச்பேக் வண்டிக்கு பின்னாடி காத்து சுழிச்சு தூசிய இழுத்து கண்ணாடியில ஒட்டும், அதுக்கும் ஃபிளாப்புக்கும் சம்பந்தமே இல்ல, அதுக்கு வைப்பர் தான். ரெண்டாவது, ஃபிளாப்புக்கும் லைனருக்கும் நடுவுல களி சேருது. இது எங்க மண்ணுக்கு வர்ற பிரச்சன, செம்மண் பூமியில இவ்வளவு இருக்காதுன்னு நெனைக்கிறேன். வாரம் ஒருக்கா பைப்ப உள்ள விட்டு அடிக்கலன்னா அது காஞ்சு ஃபிளாப்ப டயர் பக்கமா தள்ள ஆரம்பிச்சிடுது. மூணாவது, வண்டியோட கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) 163 மில்லிமீட்டர் தான், ஃபிளாப் அதுக்கும் கீழ கொஞ்சம் தொங்குது, எங்க தெருமுனை ஸ்பீட் பிரேக்கர்ல நேரா ஏத்தினா முன் ஃபிளாப் தரையில சர்ர்னு உரசும். உரசினா வளைஞ்சு குடுத்துட்டு திரும்ப நேராயிடுது, ஒடையல. பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பாத்துக்கோங்க, பின் ஃபிளாப் நுனி சிமெண்ட் கட்டையில மாட்டிக்கிட்டா பம்பரையும் சேத்து இழுக்கும்.

செட்டோட வந்த ஸ்க்ரூவுல ரெண்டு மூணு மேல துரு பூத்திருச்சு, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ அதே அளவுல வாங்கி மாத்திட்டேன், பொடி காசு தான். கடலோர ஊர்க்காரங்க மாட்டும்போதே மாத்திடுங்க.

மச்சான் வேகன்ஆருக்கும் ஒரு செட் சொல்லியாச்சு, இந்த ஞாயித்துக்கிழமை பார்சல் வந்துடும். இந்ததடவ பின்பக்கம் ரெண்டுக்கும் வீல கழட்டியே மாட்டப்போறேன்.