கட்சிக்கா, அரசியலமைப்புக்கா? வன்னியிலிருந்து ஓர் ஒப்பீடு

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் முதலில் விசுவாசமாய் இருக்கவேண்டியது தன் கட்சிக்கா, அரசியலமைப்புக்கா? இலங்கையின் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததுதான் வன்னித் தேர்தல் மாவட்டம். இங்கே முதலில் கட்சிக்குப் புள்ளடி போடுகிறோம், பிறகுதான் ஆளுக்கு விருப்பு வாக்கு. ஆகவே ஆசனம் கட்சியுடையது என்ற வாதத்தை லேசில் தள்ள முடியாது. சட்டமும் அந்தப் பக்கம்தான். அரசியலமைப்பின் உறுப்புரை 99(13) இன்படி உறுப்பினரைக் கட்சி நீக்கினால் ஒரு மாதத்தில் ஆசனம் போகும்; அதற்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். முஸ்லிம் காங்கிரஸ் நீக்கிய அமைச்சர் நசீர் அஹமட் 2023இல் ஆசனம் இழந்தது இப்படித்தான். பதவிக்காகத் தாவுவோரைத் தடுக்க இது தேவை.

சரி, மறுபக்கம்? உறுப்பினர் செய்யும் சத்தியத்தில் கட்சியின் பெயரே இல்லை. அரசியலமைப்பைப் பேணிக் காப்பேன் என்கிறார். 2018இல் சனாதிபதி பிரதமரை நீக்கி, அப்புறம் பாராளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் அந்தக் கலைப்பு செல்லாது என்றார்கள். அப்படியொரு நாளில் கட்சித் தலைவரின் முகம் பார்த்துக் கை உயர்த்துவது வாக்களித்தவருக்குச் செய்யும் துரோகம்.

எங்களுக்கு இதில் ஒரு முள் உண்டு. 1983இல் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் கேட்ட, தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்ற சத்தியத்தைச் செய்ய மறுத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். அதனால் அரசியலமைப்பின் ஒவ்வொரு வரிக்கும் விசுவாசம் என்று நான் சொல்லமாட்டேன். உறுப்புரை 12 சொல்லும் சமத்துவம், நீதிமன்றச் சுதந்திரம் போன்ற அடிப்படைகளையே சொல்கிறேன். வரவு செலவுத் திட்டத்தில் கட்சியோடு நிற்கட்டும். காணிக்காகவும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவும் நீதிமன்றப் படியேறும் சனத்தின் உறுப்பினர், அந்த நீதிமன்றத்தின் கையைக் கட்டும் சட்டமூலத்துக்கு, ஆசனமே போனாலும் கை உயர்த்தக்கூடாது.