‘டூரிங் ரெடி’ தண்டர்பேர்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2014 மாடல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350. மீட்டரில் 18,400 கிலோமீட்டர். கிராஷ் கார்டு, இரு பக்கமும் பை மாட்டும் ஸ்டே, நான்கு எல்.இ.டி. விளக்கு, உயரமான விண்ட்ஷீல்டு, புது சீட், கறுப்பு பெயின்ட்டில் பளபளக்கும் எஞ்சின். ‘டூரிங் ரெடி, நாளைக்கே லடாக் கிளம்பலாம்’ என்று சொல்லி, சென்னையில் ஒரு கன்சல்டிங்காரர் (பழைய வண்டி வியாபாரி) 1,12,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். மூன்றாவது வாரம் ஏலகிரி ஏறும்போது வண்டி நின்றது. திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டறையில் பிரித்துப் பார்த்தால், மாட்டியிருந்த ஒவ்வொரு ஆக்சஸரிக்கும் அடியில் ஒரு கோளாறு. வாங்கியவர் ஏமாந்தது அந்த ஆக்சஸரிகளைப் பார்த்துத்தான்.

பழைய தண்டர்பேர்டுக்கு இன்னும் கிராக்கி இருப்பதில் ஆச்சரியமில்லை. 2012-ல் வந்த மாடலுக்கு 20 லிட்டர் டேங்க், 41 மி.மீ. ஃபோர்க், முன்னும் பின்னும் டிஸ்க். 346 சிசி எஞ்சின் 4,000 ஆர்.பி.எம்.மிலேயே 28 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். இரண்டு பேர், இரண்டு பையோடு நாள் முழுக்க ஓட்டலாம். 2020-ல் உற்பத்தி நின்றுபோனதால் செகண்ட் ஹேண்டைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஆசையை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

முதலில் வெள்ளம். இது 2015 டிசம்பர் மழையில் முழுகின வண்டி. எஞ்சினுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தது அழகுக்காக இல்லை. அலுமினியத்தில் பூத்திருந்த வெள்ளை உப்பை மறைக்க. முழுகின வண்டியைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். ஹெட்லைட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஒயர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பின்களில் பச்சைப் பாசிபோல் படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வண்டல் கோடு இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகள் மட்டும் துருவேறி மேலே இருப்பவை புதிதாக மின்னுகின்றனவா என்று பாருங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் எஞ்சினுக்குள் ஈரம் இருக்கிறது. புது சீட் போட்டிருந்தால் பழைய சீட் எங்கே என்று கேளுங்கள்.

டேங்கையும் விடாதீர்கள். மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அடிப்பக்கம் தெரியும். இந்த வண்டியில் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஓட்டை அடைக்கும் சீலர் பூச்சை ஊற்றியிருந்தார்கள். மலை ஏற்றத்தில் அது உரிந்து, துருத்தூளோடு கார்புரேட்டருக்குப் போய், பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைத்தது. நின்றுபோனதற்குக் காரணம் அதுதான்.

திரும்ப ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் வேறு. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு எல்.இ.டி. விளக்குகளையும் ரிலே (சிறு கரன்டால் பெரிய கரன்டை இயக்கும் சுவிட்ச்) இல்லாமல், ஃபியூஸ் இல்லாமல், ஹாரன் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றி இணைத்திருந்தார்கள். நகரத்துக்குள் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறுவதைவிட அதிகமாக விளக்குகள் இழுக்க, 14 ஆம்பியர்-அவர் பேட்டரி எப்போதும் பாதிச் சார்ஜிலேயே கிடந்தது. பேட்டரி தளர்ந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட்டரால் பிஸ்டனை முழுச் சுற்றுக்கும் தள்ள முடியாது. எஞ்சின் பின்னுக்கு உதைக்கும். அந்த உதை முழுவதும், ஸ்டார்ட்டரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் ஸ்ப்ராக் கிளட்ச்சில் விழும். இந்த எஞ்சின்களில் அடிக்கடி போகும் பாகமே அதுதான். செல்ஃப் பட்டனை அமுக்கியதும் மோட்டார் ‘விர்’ரென்று சுற்றியும் எஞ்சின் அசையவில்லை, அல்லது இரும்பை நொறுக்குவதுபோல் ஒரு சத்தம் வருகிறது என்றால் ஸ்ப்ராக் போய்விட்டது. எஞ்சின் மூடியைத் திறந்துதான் மாற்ற முடியும்.

ஆகவே மல்டிமீட்டர் இல்லாமல் வண்டி பார்க்கப் போகாதீர்கள். நிறுத்தி வைத்த பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும் நொடியில் 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எஞ்சினை 3,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் வைத்துப் பார்த்தால் 13.8-இலிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். விளக்குகளைப் போட்டதும் 13-க்கு இறங்கினால் சார்ஜிங் தாங்கவில்லை. விளக்கு வேண்டுமென்றால் 20 வாட் அளவில் இரண்டு போதும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3.3 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து நேராக 5 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே, தனி சுவிட்ச். ரிலேயின் சிக்னலை பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுத்தால், சாவியை அணைத்ததும் விளக்கும் அணைந்துவிடும்.

போகுமுன் போன் செய்து, வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் நீலப்புகை தெரியும், வால்வை இயக்கும் டேப்பட்டின் சத்தமும் கேட்கும். இதில் ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் முதல் சில நொடிகள் ‘டக் டக்’ என்று கேட்பது இயல்பு. சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் ஆயில் ஓட்டத்தில் கோளாறு.

கிலோமீட்டர் கணக்கை நம்பவே வேண்டாம். டிஜிட்டல் மீட்டரை மாற்றுவதும் திருத்துவதும் சுலபம். வாங்கியவர் பிறகு சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, 2018-லேயே 41,000 என்று பதிவாகியிருந்தது. முன்பணம் கொடுக்குமுன் இதைக் கேட்டிருக்க வேண்டும். பதிவே கிடைக்காத வண்டியில் தேய்மானத்தைப் பாருங்கள்: ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கியர் லீவர் ரப்பர், சாவியின் பற்கள். டிஸ்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் 2317 என்றிருந்தால் 2017-ன் 23-வது வாரம் தயாரித்தது. பட்டன் (டயரின் மேல்வரிகள்) நன்றாக இருந்தாலும் அந்த வயது டயரில் நெடுந்தூரம் போகக்கூடாது.

கனமான கிராஷ் கார்டு அடிபட்ட சேசிஸை மறைக்கும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தில் நசுங்கலோ வெல்டோ புது பெயின்ட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நூல் சோதனை. பின் டயரின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் நூலை முன் டயர்வரை இழுத்துப் பிடியுங்கள். பின் டயர் 120, முன் டயர் 90 என்பதால் முன்னால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 15 மி.மீ. இடைவெளி வரும். ஒரு பக்கம் 8, மறுபக்கம் 22 என்று வந்தால், முதலில் செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இரு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தும் அப்படி வந்தால் ஃபோர்க்கோ சேசிஸோ பெண்டு. விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

காகிதத்தில் நடந்தது இன்னும் மோசம். வண்டி கர்நாடகப் பதிவு. ‘என்ஓசி வந்துவிடும்’ என்று சொல்லி, முதல் ஓனர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்தார்கள். வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று (என்ஓசி), இங்கே மறுபதிவு, மறுபடி வரி, எல்லாம் உண்டு. ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கிக் கடிதமும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு, இ-சலான் பாக்கியையும் பாருங்கள். படிவம் 29, 30 கொடுத்து 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆர்சியில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வண்டியை விடாதீர்கள்.

இப்படி ஒன்று கைக்கு வந்துவிட்டால், ‘அப்கிரேடு’ என்று யார் ஆசை காட்டினாலும் முதலில் அடிப்படை. டயர், செயின் ஸ்ப்ராக்கெட் செட், ஹேண்டில் திரும்பும் இடத்துக் கோன் செட், வீல் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், கிளட்ச் ஒயர், பிரேக் ஆயில். முழுகின எஞ்சினுக்கு 15டபிள்யு-50 ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்ற வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைக் கையில் கேட்டு வாங்குங்கள். ஜெனியூன் அட்டைப்பெட்டிக்குள் லோக்கல் பாகம் வைத்து பில் போடுகிறவர்கள் உண்டு.

அதன் பிறகுதான் மற்றவை. ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் போட்டால், ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது பிரேக் ஹோஸும் கிளட்ச் ஒயரும் விறைக்கக்கூடாது. விறைத்தால் ஆக்சிலேட்டர் ஒயரும் இழுபட்டு ஆர்.பி.எம். தானாக ஏறும். கார்புரேட்டரைத் தொடாமல் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் கொதிக்கும், ஆக்சிலேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்கும். சட்டப்படியும் தப்பு: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-யில் இருக்கிறது. பை ஸ்டே ஷாக் அப்சார்பரின் மேல் நட்டில் மட்டும் தொங்கினால் போதாது. சேசிஸில் இன்னொரு பிடிமானம் வேண்டும். இந்த வண்டியில் அது இல்லாமல் நட்டின் மரையே தேய்ந்திருந்தது.

பணம் கொடுக்கும்போது கடைப்பெயர் போட்ட ரசீது வாங்குங்கள். அதில் மீட்டர் அளவும், ‘வெள்ளத்தில் முழுகாத வண்டி’ என்ற வரியும் இருக்கட்டும். தர மறுத்தால் வாங்காதீர்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்குப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று விதியாகியிருக்கிறது. அதையும் காட்டச் சொல்லுங்கள். ரசீது இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இந்த வாங்கியவரிடம் இருப்பது ஜிபேயில் ஒரு தனிநபர் பெயருக்குப் பணம் போன ஸ்கிரீன்ஷாட் மட்டும்.