அலுவலக மின்னஞ்சலில் தானியங்கிக் கையொப்பம்: எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பற்றிய மதிப்புரை

சிங்கப்பூர் நிறுவனச் சட்டத்தின் 144ஆம் பிரிவு, வணிகக் கடிதங்களில் நிறுவனப் பதிவெண் தெளிவாக இடம்பெற வேண்டும் என்கிறது. ஆகவே சிராங்கூன் சாலையிலுள்ள எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி கையொப்பம் எழுதுவதை நிறுத்தி, மைக்ரோசாஃப்டின் இணையவழி மின்னஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், வெளிச்செல்லும் அஞ்சல்களில் கையொப்பத்தைத் தானாகச் சேர்க்கும் அஞ்சல் விதியை அமைத்தோம். ஊழியர் பட்டியலிலிருந்து பெயர், பதவி, தொலைபேசி எண் ஆகியவற்றை அதுவே எடுத்து, கைப்பேசியிலிருந்து அனுப்பும் அஞ்சலிலும் பொறுப்புத்துறப்பு வாசகத்துடன் சேர்த்துவிடுவது பெரும் நிம்மதி. ஆனால் பதில் அஞ்சல்களில் அது புதிய செய்தியின் கீழே நில்லாமல் உரையாடல் முழுவதன் அடியில் போய்ச் சேர்கிறது. வாசகம் அங்கே அடுத்தடுத்துக் குவியாதிருக்க, ஏற்கெனவே அது உள்ள அஞ்சல்களுக்கு விதிவிலக்கு ஒன்றைச் சேர்ப்பது அவசியம். அனுப்பியவரின் பெட்டியில் இக்கையொப்பம் தெரியாது என்பதையும் ஊழியர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பதிலிலும் கையொப்பமும் நிறுவனச் சின்னமும் உரிய இடத்தில் அமைய வேண்டுமென்போர் கையொப்பத்துக்கான தனிச் சேவையை நாடலாம். எங்களைப் போன்ற சிறிய அலுவலகத்துக்கு இதுவே போதும்.