கிளாட் பஸ்டரா, ஸ்டாம்பீடா? செம்பனைக் காட்டில் எது தாங்கும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். "என் வண்டியில ரெண்டு மோட்டார் இருக்குண்ணே, ஒன்னு சுத்த மாட்டேங்குது" என்று மோட்டார் கடையில் போய்ச் சொன்னதும், கடைக்கார அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். நான் பையிலிருந்து எடுத்து வைத்தது ரிமோட்டில் ஓடுகிற ஒரு முழ நீளத்துப் பொம்மை லோரி. "இதுக்காடா என்னை எழுப்பி விட்ட?" என்றார். ஆனாலும் அன்றைக்கு வண்டியைப் பிழைக்க வைத்தவர் அவர்தான். கியர் பெட்டியைத் திறக்கப் போய், சாதாரண ஸ்டார் ஸ்குரூ டிரைவரால் ஒரு ஸ்குரூவின் தலையை நான் வழித்துவிட்டிருந்தேன். அவர் தன் பெட்டியிலிருந்து வேறொரு டிரைவரை எடுத்து, மேலிருந்து அழுத்தி, ஒரே திருகில் கழற்றினார். என் பொம்மை லோரியைச் செய்த தமியா நிறுவனத்தின் வண்டிகளில் வருவது ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய ஸ்குரூ வெட்டு. ஹோண்டா, யமஹா கப்சாய்களிலும் (சின்ன மோட்டார் சைக்கிள்) அதே வெட்டுதான் என்பதால் அந்த டிரைவர் எல்லா மோட்டார் கடையிலும் இருக்கும். உள்ளே வயர் ஒன்று சால்டர் விட்டுக் கிடந்தது. பத்து நிமிட வேலை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. "அண்ணே, எந்த மான்ஸ்டர் டிரக் வாங்கலாம்?" என்று கேட்கிற தம்பிகள் எல்லாரும் வேகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. பக்கத்துப் பட்டணம் ஈப்போ 30 கிலோமீட்டர். அங்கே போனாலும் நமக்கு வேண்டிய பல் எண்ணிக்கையில் பினியன் (மோட்டார் முனையில் மாட்டுகிற சின்னப் பல் சக்கரம்) கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆன்லைனில் போட்டால் ஒரு வாரம், இரண்டு வாரம். சனிக்கிழமை சாயங்காலம் உடைந்தது ஞாயிற்றுக்கிழமை ஓடுமா? தோட்டத்து ஊரில் வண்டி வாங்குகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

என்னிடம் இருப்பது தமியா கிளாட் பஸ்டர். 1987இல் வந்த வடிவம், பிறகு மறுபடியும் வெளியிட்டார்கள். பெட்டிக்குள் எல்லாம் உதிரி. நாமே உட்கார்ந்து கட்ட வேண்டும். அக்கா மகன் வைத்திருப்பது டிராக்சஸ் ஸ்டாம்பீட் 4×4, பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் பிரஷ் இல்லாத மோட்டார்) வகை, பெட்டியைத் திறந்ததும் ஓடுகிற ரகம். இரண்டும் பத்தில் ஒரு பங்கு அளவு என்று போட்டிருப்பார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னுடையது எருமை, அவனுடையது ஆட்டுக்கடா.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மோட்டார் உட்காரும் இடம். ஸ்டாம்பீடில் ஒரே மோட்டார் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு வழியாக, இடது வலது சக்கரத்துக்குப் பிரித்துக் கொடுக்கிற முன், பின் டிஃப்பரன்ஷியலுக்குச் சக்தி போகிறது. நடுவில் ஒரு ஸ்லிப்பர் கிளட்ச், சக்கரம் சட்டென்று மாட்டிக்கொண்டால் வழுக்கிக் கொடுத்துப் பல்லைக் காப்பாற்றும். கிளாட் பஸ்டரில் நடு ஷாஃப்டே கிடையாது. முன் அச்சின் மேலேயே ஒரு 540 அளவு மோட்டார், பின் அச்சின் மேலே இன்னொன்று. அச்சு இரண்டும் ஒரே மாதிரி உருப்படி. பின்னால் இருப்பதைத் திருப்பி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் ஒரு மோட்டாரின் வயரை மாற்றிக் கொடுக்க வேண்டும். நான் முதன்முதலில் கட்டியபோது மாற்ற மறந்துவிட்டேன். கோயில் திடலில் பத்துப் பையன்கள் சுற்றி நிற்க, டிரிக்கரை அழுத்தினேன். முன் சக்கரம் முன்னால் போக, பின் சக்கரம் பின்னால் போக, வண்டி நின்ற இடத்தில் நின்றபடி மண்ணைத் தோண்டியது. "மாமா, உங்க லோரி குழி வெட்டுது" என்றான் அக்கா மகன். இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

ஆனால் இந்த எளிமைதான் எனக்குப் பிடித்தது. ஒரு மோட்டார் செத்தால் மற்றது வீடு வந்து சேர்க்கும். வெட்டிப் போட்ட செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டைக் குவியல்மேல் மெதுவாக ஏற்றினால் முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியாக வளைந்து கொடுத்து ஏறும். அக்கா மகனுடைய பிரஷ்லெஸ் மோட்டாரில் சென்சர் கிடையாது. ரொம்ப மெதுவாக ஓட்டினால் திக்குகிறது, விக்குகிறது, பிறகு திடீரென்று பாய்கிறது. குவியலின் உச்சியில் அப்படிப் பாய்ந்தால் தலைகீழ்தான். சென்சர் வைத்த பிரஷ்லெஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை, விலை கூடும்.

தட்டையான செம்மண் சாலையில் கதையே வேறு. கணக்கு சுலபம்: கேவி எண்ணை வோல்டேஜால் பெருக்கினால் மோட்டார் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று. அவனுடையது 3500 கேவி. இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 7.4 வோல்ட், அப்போது 25,900. மூன்று செல் 11.1 வோல்ட் என்றால் 38,850. சுமை இல்லாதபோது வரும் கணக்கு இது. சக்கரம் மண்ணில் பட்டதும் குறையும். குறைந்தாலும் என் எருமை கண்ணுக்கே தெரியாத தூசியில் நிற்கும். குதிக்க விட்டாலும் அவன்தான் ஜெயிப்பான். எண்ணெய் நிரப்பிய ஷாக், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற அமைப்பு. தரையில் விழுந்து அப்படியே ஓடிவிடும். என்னுடையதில் மோட்டாரின் எடையும் சேர்ந்து சக்கரத்தோடு துள்ளுகிறது. ஷாக்கோ எண்ணெய் இல்லாத வெறும் ஸ்பிரிங். ரப்பர் பந்து மாதிரி மூன்று குதி குதித்துத்தான் நிற்கும்.

எண்ணெய் ஷாக் வாங்கிப் போடலாம், போட்டேன். மோட்டார் கடை ஃபோர்க் ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள். ஆர்சி, அதாவது ரிமோட் வண்டியின் ஷாக்கில் இருப்பது சிலிகான் ஓ-ரிங். அந்த எண்ணெய்க்கு ஊதிப் போகும், அப்புறம் ஒழுகும். சிலிகான் எண்ணெய்தான் சரி.

கிளாட் பஸ்டரின் நிஜமான பலவீனம் ஸ்டீயரிங். பாப் சாண்ட்லர் 1981இல் பிக்ஃபுட்டை ஏற்றிப் பழைய கார்களை நசுக்கிக் காட்டினாரே, அந்தப் பெரிய டிரக் போலவே இதிலும் பின் சக்கரமும் திரும்பும். ஆனால் ஒரே சர்வோ (சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டார்), சட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நீள நீளமான கம்பிகளால் இரண்டு அச்சையும் இழுக்கிறது. மூட்டுக்கு மூட்டு ஆட்டம். நேராகப் போ என்றால் கள் குடித்தவன் மாதிரி போகும். இதற்கு எல்லாரும் செய்கிற வைத்தியம், அச்சின் மேலேயே தனித்தனி சர்வோ வைப்பது. நானும் வைத்தேன். வைத்த அன்றே வேறொரு சிக்கல்: சக்கரம் கல்லில் முட்டி இரண்டு சர்வோவும் ஒரே நேரத்தில் திணறினால், ரிமோட் சிக்னலைப் பிடிக்கிற ரிசீவருக்குப் போகும் மின்சாரம் விழுந்து வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது. ஈஎஸ்சி என்ற மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள், ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுக்கிற சின்னப் பிஈசி அவ்வளவு ஆம்பியர் தராது. தனிப் பிஈசி ஒன்று வாங்கிய பிறகுதான் சரியானது. ஸ்டாம்பீடில் முன்னால் மட்டும் ஒரு சர்வோ, குட்டைக் கம்பி. இந்த வம்பே இல்லை. ஸ்டீயரிங்கில் அவன் வண்டிக்குத்தான் என் ஓட்டு.

சூட்டைப் பற்றிப் பேசாமல் முடியாது. நம்மூர் மதியம் 33 டிகிரி. உயரமான புல்லில் மூன்று செல் போட்டு ஓட்டினால் மோட்டார் சீக்கிரம் கொதிக்கும். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கி வைத்த நெற்றிக் காய்ச்சல் துப்பாக்கி வீட்டுக்கு வீடு இருக்கிறதே, அதைக் கொண்டுவந்து மோட்டாரைப் பார்த்தான் அக்கா மகன். மனிதக் காய்ச்சலுக்குச் செய்தது, நாற்பத்து மூன்றைத் தாண்டினால் எண் வராது. "ஹை" என்று மட்டும் காட்டியது. "ஹாய் சொல்லுது மாமா" என்றான். விரல் வைத்துப் பார்ப்பதே உத்தமம்: மூன்று நொடி வைக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடு. அப்புறம் ஒரு பல்லோ இரண்டு பல்லோ குறைந்த பினியன் போடு. பெரிய டயர் மாட்டுகிறவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். டயர் பெருத்தால் கியரும் கனத்த மாதிரிதான்.

பினியன் மாற்றும்போது இன்னொன்று. பெரிய பல் சக்கரத்துக்கும் பினியனுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை விட்டு அழுத்தி, மோட்டார் ஸ்குரூவை முறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவ வேண்டும். நான் மின்சார பில்லின் ஓரத்தைக் கிழித்துக்கொள்வேன். காகிதம் மடிப்பு மடிப்பாக, ஆனால் கிழியாமல் வெளியே வந்தால் இடைவெளி சரி. அவசரத்தில் அக்கா மகன் கண்ணளவில் வைத்தான். முதல் ஓட்டத்திலேயே நைலான் பல் சக்கரம் மாவாகக் கொட்டியது. பிளாஸ்டிக் தூள் வாசனையோடு வந்த அந்தக் கிரீச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. புதுச் சக்கரம் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவன் என் எருமையைத்தான் ஓட்டினான்.

பேட்டரியில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆறு செல் நிக்கல் பேட்டரி 7.2 வோல்ட், முரட்டுப் பொருள், சின்னப் பிள்ளை கையில் கொடுக்கலாம். லைப்போ இலேசு, பாய்ச்சலும் அதிகம், ஆனால் கவனம் கேட்கும். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெடும், ஓட்டாத நாளில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும், உப்பிப் போனதைத் திரும்பத் தொடக் கூடாது. கிளாட் பஸ்டரில் லைப்போ போடுகிறவர்கள், பேட்டரி இறங்கினால் ஈஎஸ்சி தானாக வெட்டுமா என்று பாருங்கள். வெட்டாது என்றால் பேட்டரியின் பேலன்ஸ் முனையில் (ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் தெரிகிற சின்ன வயர் முனை) மாட்டுகிற சின்ன அலாரம் போதும். ஜிங்க் கூரைக்குக் கீழே, காடி (கார்) டிக்கியில் லைப்போவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டு மோட்டாரையும் இணையாகக் கொடுத்திருப்பதால் என்னுடையது இரட்டிப்பாகக் குடிக்கும். 3000 எம்ஏஎச் பேட்டரியில் சராசரி 12 ஆம்பியர் இழுத்தால் கால் மணி நேரம், அவ்வளவே.

மேல்கூடு விஷயத்தில் ஸ்டாம்பீடுக்கு நல்ல வசதி. பாலிகார்பனேட், உள்பக்கம் பெயிண்ட், வளைந்து கொடுக்கும். கிளாட் பஸ்டரின் கூடு கெட்டிப் பிளாஸ்டிக். ஷோகேஸில் அழகு, தலைகீழாக விழுந்தால் விரிசல். என்னுடையதன் கூரை உள்ளே கண்ணாடி இழைத் துணியும் பசையும் ஒட்டித்தான் ஒன்றாக இருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

மழையும் நாரும் இரண்டு வண்டிக்கும் பொது எதிரி. மூன்று மணிக்கு மேல் எப்போது கொட்டும் என்று தெரியாத ஊர். ஈஎஸ்சியும் சர்வோவும் நீர் புகாதது என்றாலும் பேரிங் நீர் புகாதது இல்லை. செம்பனை நார் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு பேரிங்கை நெரிக்கும். ஓட்டி முடித்ததும் நாலு சக்கரத்தையும் கழற்றி, பழைய பல் துலக்கியால் நாரை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய். இதைச் செய்யாதவன் மாதம் ஒருமுறை பேரிங் வாங்குவான்.

கிட் (உதிரியாக வருகிற வண்டி) கட்டுகிறவர்களுக்கு ஒன்று: பெட்டியில் வருகிற, பேரிங்குக்குப் பதிலான வெறும் வளைய புஷ்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டும்போதே பால் பேரிங் வைத்துவிடுங்கள். ஒரு பேரிங்கின் விலை இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) தான். பிறகு வைக்கலாம் என்றால் முழு அச்சையும் திரும்பப் பிரிக்க வேண்டும். வேக மோட்டார் பிறகு வரட்டும். முதல் காசு பேரிங்குக்கு, இரண்டாவது சர்வோவுக்கு.

ஆக, திடலில் பாய விடவும் குதிக்க விடவும் ஆசை, இரண்டு பல் சக்கரமும் ஒரு செட் ஷாஃப்டும் முன்கூட்டியே வாங்கி டப்பாவில் வைக்கிற பழக்கமும் இருந்தால் ஸ்டாம்பீட். அந்தப் பழக்கம் இல்லாதவன், கட்டுவதிலும் நோண்டுவதிலும் பாதி சந்தோஷம் காண்கிறவன், தோட்டத்துக்குள் மெதுவாக ஏறி இறங்க வேண்டும் என்றால் கிளாட் பஸ்டர். பிள்ளைக்கு முதல் வண்டி என்றால் ஸ்டாம்பீடிலேயே பிரஷ் மோட்டார் வகை உண்டு, அதை எடுங்கள். மூன்று செல்லைக் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

போன வாரம் அக்கா மகன் என் வண்டியைக் கேட்டான். "பல் சக்கரம் திரும்பவும் போச்சா?" என்றேன். இல்லையாம், மட்டைக் குவியல் ஏற வேண்டுமாம். இந்தத் தடவை காகிதம் வைத்துத்தான் பினியன் மாட்டினானாம். எந்தக் காகிதம் என்று பார்த்தால், இன்னும் கட்டாத என் மின்சார பில்.